பதினொரு உறுப்பினரும் பன்னிரண்டாவது குறிப்பும்

ஓம் சுவஸ்தியஸ்து.

தெகல் சாரி ஊர் வாசிப்பறை,
இரும்புப் பூசை நாளான தும்பெக் லண்டெப் கழிந்த செவ்வாய்க்கிழமை.

டென்பசார் நகரத்தில் கணினி முன்னால் குந்தியே முதுகு வளைந்துபோன என் கடைக்குட்டித் தம்பி கெதுட் சுவார்த்திகாவுக்கு, உன் மூத்த அக்கா வயான் ரஸ்மினி எழுதுவது. குலக்கோயில் தெய்வங்களின் அருளால் இங்கே நானும், உன் அத்தானும், இரண்டு பன்றிகளும், ஒன்பது கோழிகளும் நலம். பத்தாவது கோழியின் கதை கீழே வரும். அங்கே நீயும் உன் பெண்டாட்டியும் பிள்ளையும் நோய் நொடியில்லாமல் இருக்க, தினமும் வாசல் மாடத்தில் உன் பேருக்கும் சேர்த்து ஒரு பூத்தட்டு வைக்கிறேன். நீ ஊருக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது என்பதைச் சொல்லிக்காட்டுவதற்காக இதை எழுதவில்லை. எட்டு மாதமும் பத்து நாளும்.

நிற்க. நீ அனுப்பிய "நூலகப் பணியாளருக்கான அன்றாடக் கணினி, இணையக் குறிப்புகள் பன்னிரண்டு" வந்து சேர்ந்தது. முதல் தாளில் பதினொன்று இருந்தன. இரண்டாம் தாளில் ஒன்றே ஒன்று. அதைப் படிப்பதற்குள் தாள் காணாமல் போய்விட்டது. வாசலில் வாழைப்பழம் பொரித்து விற்கும் ரெம்பியம்மா அன்று வந்து பழைய தாள் கேட்டுவிட்டுப் போனாள். அதற்கு மேல் எனக்குத் தெரியாது. பன்னிரண்டில் பதினொன்று கையில் இருக்கும்போது ஒன்றுக்காக உனக்குத் தொல்லை கொடுப்பானேன் என்று விட்டுவிட்டேன். முதல் தாளைச் சரஸ்வதி படத்துக்குக் கீழே ஒட்டி, தினமும் ஒன்றாக, மந்திரம் சொல்வதுபோல வாய்விட்டுப் படித்து, ஒரு எழுத்துப் பிசகாமல் கடைப்பிடித்தேன். நடந்த அத்தனைக்கும் அதுதான் காரணம்.

இந்த வாசிப்பறை எனக்கு என்ன என்பது உனக்குத் தெரியும். ஆறாம் வகுப்போடு என்னை நிறுத்தினார்கள்; நீ பிறந்துவிட்டாய், உன்னை இடுப்பில் தூக்கிவைத்திருக்க ஓர் ஆள் வேண்டியிருந்தது. மிச்சப் படிப்பை நான் இந்த அறையில்தான் படித்தேன். காலை எட்டு மணியிலிருந்து பதினொன்று வரை, குருத்தோலை கிழி, சோறு வடி, பன்றிக்குப் போடு என்று யாரும் என்னை ஏவாத ஒரே இடம் இது. கோயில் படையல் கணக்கில் நான் ஒரு வெற்றிலைகூடத் தவறவிடுவதில்லை என்பதால்தான் இந்தச் சாவியை என்னிடம் கொடுத்தார்கள். இப்படியிருக்க, போன மாதம் ஊர்த்தலைவர் நெங்கா விர்தா உள்ளே வந்து, புத்தகத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தார். பிறகு கையால் சாண் சாணாக அளக்க ஆரம்பித்தார்.

"அளவு எதுக்குத் தலைவரே?" என்றேன்.

"சும்மாதான். மாவட்டத்துலேருந்து ஆள் வந்து பாக்கப் போறாங்களாம். நூறு உறுப்பினருக்குக் குறைஞ்சா கம்ப்யூட்டரு, புத்தகம் எல்லாத்தையும் பக்கத்துல இருக்கற தெகல்வாங்கி ஊருக்குத் தூக்கிக் குடுத்துடுவாங்களாம். நான் என்ன செய்ய முடியும் சொல்லு?"

"நம்மகிட்ட இருநூத்து நாப்பத்து மூணு பேர் இருக்காங்க."

"அப்ப நல்லதுதான்" என்றவர், முகம் வாடி, "பதினாறு சேவல் கூடை இங்க அடங்கும்னு நெனச்சேன்" என்றார்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. மறுநாள் காலையிலேயே உன் குறிப்புகளைக் கையில் எடுத்தேன். முதல் குறிப்பு: எது கெட்டாலும் அணைத்துவிட்டுச் சற்றுப் பொறுத்து மறுபடி போடு. இதை நீ டென்பசார் போய்ப் படித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டுமா? வருஷத்துக்கு ஒரு நாள் நியெபி அன்று இந்தத் தீவையே விளக்கு, அடுப்பு, வண்டி, விமானம், உன் இணையம் உட்பட மொத்தமாக அணைத்துவிட்டு மறுநாள் போடுகிறோமே, அது என்ன? ஆகவே முதல் குறிப்பில் எனக்கு முழு மதிப்பெண். இரண்டாவது, கடவுச்சொல். யாராலும் ஊகிக்க முடியாததாக, எனக்கு மட்டும் மறக்காததாக இருக்க வேண்டும், யாரிடமும் சொல்லக்கூடாது என்றாய். நான் என் மகள் பிறந்த கிழமையையும் வாரப் பெயரையும் சேர்த்து வைத்தேன். யாரிடமும் மூச்சு விடவில்லை. நாலாம் நாள் காலையில் வந்து பார்த்தால், ரெம்பியம்மா கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு சமையல் படம் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

"எப்படித் திறந்தே?"

"உன் பொண்ணு பொறந்த நாளுதானே? நம்ம பஞ்சாங்கப்படி இருநூத்திப் பத்து நாளைக்கு ஒரு தடவை அது வந்துடுது, அப்பல்லாம் கூப்பிட்டுச் சோறு போடறே. அந்தப் பன்னிக்குட்டி வறுவலை எப்படிக்கா மறக்க முடியும்? ஊருக்கே தெரியும்."

மூன்றாவது குறிப்புதான் முதல் குழி. முன்பின் தெரியாதவர் அனுப்பிய செய்தியைத் திறக்காதே, "நீங்கள் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறீர்கள்" என்று வந்தால் அது திருட்டு, அழித்துவிடு என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தாய். போட்டிருந்தாயா இல்லையா? மறு வாரமே எண்டாங் என்ற பெயரில் ஒரு செய்தி: "உங்கள் நூலகம் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறது". அழித்தேன். இரண்டு நாள் கழித்து மறுபடி. அழித்தேன். மூன்றாவது தடவை "அவசரம்" என்று சேர்த்து வந்தது. அவசரப்படுத்தினால் நிச்சயம் திருட்டு என்று அதற்குக் கீழேயே நீ எழுதியிருந்தாயே! அழித்ததோடு நிற்காமல், "அம்மா, உழைத்துப் பிழையுங்கள், கடவுள் பார்த்துக்கொண்டிருக்கிறார்" என்று புத்திமதியும் எழுதி அனுப்பினேன். அந்த எண்டாங் அம்மாள்தான் மாவட்டத்து ஆய்வாளர். சனிக்கிழமை வருகிறேன் என்று சொல்லத்தான் அவர் மூன்று தடவை எழுதியிருக்கிறார்.

நான்காவது குறிப்பைப் படித்தபோது, நீ இந்த ஊரில்தான் பிறந்தாயா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. கணினி பக்கத்தில் சோறு, தண்ணீர், பழம், பூ, புகை எதுவும் கூடாதாம். பிறகு அதற்குப் படையல் எங்கே வைப்பது, கூரையிலா? பூசாரி மங்குவிடம் தாளைக் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தார்.

"இது புத்தகமா, இரும்பா? மொதல்ல அதைச் சொல்லு" என்றார்.

"வெளிய இரும்பு மங்கு. உள்ள புத்தகம்."

"அப்ப சரஸ்வதி நாளுக்கும் படையல் உண்டு, லண்டெப்புக்கும் படையல் உண்டு. ரெண்டு பங்கு. ஒன் தம்பிக்கு ரெண்டும் தெரியலேன்னா அவனுக்கும் ஒரு தடவை தீர்த்தம் தெளிக்கணும். ஊருக்கு வந்தா அழைச்சிட்டு வா."

உன் பேச்சும் கெடாமல் சாமி காரியமும் கெடாமல் நடுவழி ஒன்று கண்டுபிடித்தேன். கீபோர்டையும் மவுஸையும் பிளாஸ்டிக் பைக்குள் போட்டுக் கட்டி, அதன்மேல் தீர்த்தம் தெளித்தேன். ஈரம் உள்ளே போகவில்லை. ஆனால் பூத்தட்டில் வைத்த சோற்றுப் பருக்கைக்கு எறும்பு வந்து, எறும்பு பெட்டிக்குள் குடியேறி, ஆறு நாளைக்கு எந்த எழுத்தைத் தட்டினாலும் பக்கத்து எழுத்துதான் வந்தது. முதல் குறிப்பின்படி அணைத்துப் போட்டேன். எறும்புகளுக்கு அந்தக் குறிப்பு தெரியவில்லை.

இனி எட்டாவது குறிப்பு. "பட்டியலில் ஒரே பெயர் திரும்பத் திரும்ப வந்தால் நீக்கிச் சுத்தமாக வைத்துக்கொள். அதற்கென்றே ஒரு பொத்தான் இருக்கிறது." கணக்கு எழுதுகிறவளுக்கு இதைவிடத் தேன் போன்ற வார்த்தை உண்டா? ஒரே வரி இரண்டு தடவை வந்தால் எனக்கு அன்று சோறு இறங்காது. நம் வாத்துக்காரரை வாத்தோடு வந்த நாளில் ஒரு தடவையும், வாத்தில்லாமல் வந்த நாளில் ஒரு தடவையும் பதிந்துவிட்டேனோ என்று எனக்கு ரொம்ப நாளாக ஓர் உறுத்தல். அதைத்தான் அந்தப் பொத்தான் எடுக்கும் என்று நினைத்தேன். "நிச்சயமாக நீக்கலாமா?" என்று கேட்டது. சரஸ்வதியை வேண்டிக்கொண்டு ஆமாம் என்று தட்டினேன். கண் மூடித் திறப்பதற்குள் பட்டியல் சுத்தமாகிவிட்டது. கோயில் முற்றம் பெருக்கினாற்போல இருந்தது. அப்புறம்தான் எண்ணிப் பார்த்தேன்.

பதினொன்று.

மூத்ததுக்கு வயான், அடுத்ததுக்கு மாதே, அதற்கடுத்ததுக்கு நியோமான், நாலாவதுக்கு கெதுட், அஞ்சாவது பிறந்தால் மறுபடியும் வயான் என்று நம் முன்னோர்கள் கணக்கைச் சுருக்கமாக முடித்து வைத்திருக்கிறார்கள். மாற்றுக்கு ஒரு லூ, ஒரு புத்து, ஒரு கெதே, ஒரு காதெக், ஒரு நெங்கா, ஒரு கோமாங். ஆகப் பத்து. இதை உனக்கு எதற்குச் சொல்கிறேன் என்றால், அந்த யந்திரத்துக்கு யாரும் சொல்லவில்லை. இரண்டாம் பெயருக்கென்று அதில் ஒரு கட்டம் இருந்தது. அதை நான் காலியாக விட்டிருந்தேன்; எந்த வயான் என்பதுதான் நான் கையால் எழுதிவரும் உறுப்பினர் நோட்டில் இருக்கிறதே! எழுபத்தொரு வயான்களையும் ஒரே ஆள் என்று முடிவுகட்டி, எழுபது பேரை அது விழுங்கிவிட்டது. பதினொன்றாவது ஆள் சுகெங், ஜாவாவிலிருந்து வந்து இறைச்சி உருண்டை சூப் விற்கிறானே, அவன். ஊரில் அந்தப் பெயர் ஒன்றே ஒன்றுதான். இத்தனைக்கும் அவன் ஒரு புத்தகம் எடுத்ததில்லை. போனுக்குச் சார்ஜ் போடத்தான் உறுப்பினரானான்.

அது வெள்ளிக்கிழமை. மறுநாள் தும்பெக் லண்டெப். திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று நானும் விட்டுவிட்டேன். ஆய்வாளர் வருவது எனக்கு எங்கே தெரியும்? சனிக்கிழமை காலையில் ஊரே திரண்டு வந்துவிட்டது. வாசிப்பறைக்கு வெளியே ஊர் மன்ற முற்றத்தில் நாற்பது மோட்டார் சைக்கிள், அரிவாள், கத்தி, மண்வெட்டி, சோறு வடிக்கும் மின் பானை, ஒரு தையல் மெஷின், எல்லாம் பூவும் பட்டுமாக வரிசையாக நின்றன. வாசிப்பறைக்குள் நம் கணினிக்குக் கட்டம்போட்ட துணி கட்டி, தென்னங்குருத்துத் தோரணம் சுற்றி, தலையில் பழக்கூடை வைத்து, அதற்கும் மேலே பத்தாவது கோழியைச் சுட்டு உட்கார வைத்திருந்தேன். சாம்பிராணிப் புகையில் திரையே தெரியவில்லை. அந்த நேரம் பார்த்து ஒரு வெள்ளைக் கார் வந்து நின்றது. கண்ணாடி போட்ட ஓர் அம்மாள் இறங்கி உள்ளே வந்து, கோழியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"வயான் ரஸ்மினி யாருங்க?"

"நான்தாங்க."

"நான் எண்டாங். உழைச்சுப் பிழைக்கறவ."

தம்பி, பூமி பிளந்து என்னை விழுங்காதா என்று இருந்தது. நல்ல மனுஷி, சிரித்துக்கொண்டேதான் சொன்னார். உறுப்பினர் பட்டியலைக் காட்டுங்கள் என்றார். கோழியை நகர்த்தி, பழத்தை இறக்கி, பிளாஸ்டிக் பையை அவிழ்த்து, கணினியைப் போட்டுக் காட்டினேன். ஊர்த்தலைவர் எங்கிருந்தோ வந்து பின்னால் நின்றுகொண்டார்.

"பதினோரு பேர்தானா?" என்றார் எண்டாங் அம்மாள்.

"அடடா, பதினொண்ணா? பாவம்" என்றார் தலைவர். கண் சுவரை அளந்துகொண்டிருந்தது.

ஆறாம் வகுப்பில் என் பெயரை அடித்த அன்று எப்படி நின்றேனோ அப்படியே நின்றேன். எண்டாங் அம்மாளுக்கே மனசு கேட்கவில்லை போலிருக்கிறது. "சரி, இந்தப் பதினோரு பேரையாவது பாத்துட்டுப் போறேன். வெளிய இருந்தா கூப்பிடுங்க" என்று சொல்லிவிட்டு, பட்டியலின் முதல் பெயரை அவரே வாசல் பக்கம் திரும்பி உரக்கப் படித்தார்.

"வயான்!"

"இருக்கேன்!" என்று எழுபது குரல் ஒன்றாகக் கேட்டது. எழுபத்தொன்றாவது நான், அவர் பக்கத்திலேயே நிற்கிறேனே. எண்டாங் அம்மாள் எட்டிப் பார்த்தார். பாதிப்பேர் கையில் பூசைக்கு வைத்த அரிவாளோடு வாசலுக்கு நெருங்கி வந்துகொண்டிருந்தார்கள். அவர் இரண்டடி பின்வாங்கி என் முதுகுக்குப் பின்னால் வந்துவிட்டார்.

"இவங்கள்ல வயான் யாரு?"

"எல்லாரும்தாங்க."

"மாதே?" என்று மெதுவாகத்தான் சொன்னார். "வந்துட்டேன், வந்துட்டேன்" என்று இன்னோர் அலை. உன் அத்தானும் மாதேதானே, மண்வெட்டியோடு முதல் ஆளாக வந்து நின்றார். நியோமான் என்றதும் மன்றமே அசைந்தது. கெதுட் என்றபோது கடைசி வரிசையிலிருந்து முப்பத்தேழு பேர் அவசரமே இல்லாமல் எழுந்து வந்தார்கள்; கடைக்குட்டிகள் ஆயிற்றே, வேறெப்படி வருவார்கள். கடைசியில், "சுகெங்!" என்றார். கூட்டத்தில் ஒருவரும் அசையவில்லை. தூரத்தில் சூப் வண்டியிலிருந்து ஒற்றைக் குரல்:

"சார்ஜ் ஏறிடுச்சாக்கா?"

தலைவர் விடவில்லை. "பேர் இருந்தா ஆச்சா? இவங்கள்லாம் உறுப்பினர்தான்னு என்ன அத்தாட்சி?" என்றார். அப்போதுதான் எனக்குப் புத்தி வந்தது. இடுப்பில் சொருகியிருந்த நோட்டை எடுத்து நீட்டினேன். யார், எந்த வீடு, எந்தப் புத்தகம், எந்தத் தேதியில் எடுத்தார், என்ன நிலையில் திருப்பினார், எல்லாம் அதில் இருக்கிறது. ஆய்வாளர் மனசுக்குள் படித்துக்கொள்வார் என்று நினைத்தேன். அவர் உரக்கப் படிக்க ஆரம்பித்துவிட்டார்.

"பாலத்தடி மாதே. மீன் வளர்ப்பு. இரண்டு வருஷமாகத் திருப்பவில்லை. கட்டில் காலுக்கு முட்டுக் கொடுத்திருக்கிறான்."

"ஒரு கால்தான்க்கா ஆடுது!" என்று கூட்டத்திலிருந்து அவன் கத்தினான்.

"ரெம்பியம்மா என்கிற நியோமான். சமையல் புத்தகம். எண்ணெய்க் கறை. நாற்பதாம் பக்கம் இல்லை."

"அது எங்க போச்சுன்னு எனக்கென்ன தெரியும்?" என்று ரெம்பியம்மா, நாற்பதாம் பக்கத்தில் நாலு பழத்தைச் சுருட்டி யாருக்கோ கொடுத்துக்கொண்டே கேட்டாள்.

"நெங்கா விர்தா, ஊர்த்தலைவர். ஒரே புத்தகம், பதினான்கு தடவை. சேவல் நோயும் மருந்தும். திருப்பியபின் இறகு எடுக்க வேண்டியிருக்கிறது."

ஊர் சிரித்த சிரிப்பில் மோட்டார் சைக்கிள் மேலிருந்த படையல்கள் சரிந்துவிட்டன. தலைவரும் வேறு வழியில்லாமல் சிரித்தார். அந்தச் சந்தடியில் பூனை பத்தாவது கோழியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. எண்டாங் அம்மாள் நோட்டை மூடி, "இதுக்குப் பிரதி வெச்சிருக்கீங்களா?" என்று கேட்டார். உன் பத்தாவது குறிப்பு அதுதானே? நெற்குதிரில் ஒன்று, அம்மா வீட்டு உத்தரத்தில் ஒன்று என்றேன். "இருநூத்து நாப்பத்து மூணு. வாசிப்பறை இங்கதான் இருக்கும்" என்று கையெழுத்துப் போட்டார். என் பெயருக்குக் கீழே 'நூலகர்' என்று அவரே எழுதினார். அதை நான் இதுவரை நாலு தடவைதான் எடுத்துப் பார்த்தேன். நேற்று அவரே மறுபடி வந்து, எல்லோருடைய போன் எண்ணோடும் பட்டியலைப் புதிதாக ஏற்றிக் கொடுத்தார். காலியாக இருந்த கட்டத்தில் என் நோட்டில் உள்ளதையே போட்டுவிட்டோம். இனி நம் வாத்துக்காரர் மாவட்டம் முழுதும் 'வயான் வாத்து'தான்.

இனி எழுதுவது உனக்கு மட்டும். வேறு ஒரு கண் படக்கூடாது. ரெம்பியம்மா பழம் பொரிக்கும் எண்ணெய், போன கலுங்கான் பண்டிகைக்கு ஊற்றியது. அவள் புருஷன் கெதுட்டுக்கும் இது தெரியும். அவன் மட்டும் அதைத் தின்பதில்லை, கவனித்துப் பார். கோயில் மணியடிக்கும் கெதுட் எடுத்த பக்திப் புத்தகத்துக்குள் லாட்டரிக் கனவுப் பலன் இருந்தது. பொதுவாகவே இந்த ஊர்க் கெதுட்கள், உன்னைத் தவிர, செல்லம் கொடுத்துக் கெட்டவர்கள். உன்னையும் முழுதாகத் தவிர்ப்பதற்கில்லை. கடவுச்சொல்லையும் மாற்றிவிட்டேன். பத்தாவது கோழி முட்டையிலிருந்து வெளிவந்த தேதி. அந்தப் பிறந்தநாளுக்கு நான் யாரையும் சாப்பிடக் கூப்பிட்டதில்லை.

ஆகவே, தம்பி, இனிமேல் எனக்கு எந்தக் குறிப்பும் அனுப்பாதே. கணினி எனக்குப் படிந்துவிட்டது. இந்தக் கடிதத்தையே அதில்தான் அடிக்கிறேன், எறும்பும் போய்விட்டது. உன் குடும்பத்துக்கு நோயில்லாத உடம்பும், உன் முதுகுக்கு நிமிர்ச்சியும், உனக்கு ஊர்ப்பக்கம் வரும் புத்தியும் எல்லாத் திசைக் காவல் தெய்வங்களும் அருளட்டும். பிள்ளைக்கு நெற்றியில் ஒரு முத்தம்.

ஓம் சாந்தி, சாந்தி, சாந்தி.

உன் அக்கா,
வயான் ரஸ்மினி,
நூலகர்.

பின்குறிப்பு: இதைக் கையால் எழுதுகிறேன், மேலே உள்ளது கணினியில் அச்செடுத்த பிரதி. அனுப்பும்போது பெயர் கேட்டது. கெதுட் என்று அடித்தேன். 38 என்று காட்டியது. உன் வீட்டு எண் என்று நினைத்து ஆமாம் என்று தட்டினேன். கால் மணி நேரத்துக்குள் வாசலில் ஒன்பது கெதுட்கள். மணியடிக்கிறவன் புத்தகத்தையே கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறான். கணினிக்கு முன்னால் யாரோ உட்கார்ந்து கோழியின் பிறந்ததேதியைத் தட்டிக்கொண்டிருக்கிறார்கள். ரெம்பியம்மாவும் புருஷனோடு வந்தாள். பழம் சுற்றிய தாள் ஒன்றை மேஜைமேல் விரித்து வைத்துவிட்டுப் போனாள். எண்ணெய்க்குள்ளே உன் எழுத்து தெரிந்தது: "பன்னிரண்டு. அனுப்புவதற்கு முன், யாருக்குப் போகிறது என்று ஒரு தடவை பார்." அனுப்பியதைத் திரும்ப எடுக்கப் பதின்மூன்றாவது குறிப்பு ஏதாவது இருந்தால் உடனே அனுப்பு. இந்தத் தாளை டென்பசார் வண்டி ஓட்டுநரிடம் கொடுத்துவிடுகிறேன். பிரித்துப் படிக்க மாட்டேன் என்று கோயில் பக்கம் கைநீட்டிச் சத்தியம் செய்திருக்கிறார். அவரும் ஒரு கெதுட். போனிலேயே படித்துவிட்டாராம்.